முப்பத்தெட்டு அங்குலம்

அகலம் ஏழடி இரண்டு அங்குலம்.
மூன்று முறை அளந்தாயிற்று.
டேப்பின் ஒரு முனை தவமணியிடம்,
மறுமுனை என்னிடம்.
பதினொரு வருடத்தில்
அக்காவும் நானும் சேர்ந்து பிடித்த முதல் பொருள்
அதுவாகத்தான் இருக்கும்.

பள்ளியிலிருந்து வரைபடத் தாள் கொண்டுவந்திருக்கிறேன்.
ஒரு கட்டம் மூன்று அங்குலம்.
வடக்குச் சுவரில் ஜன்னல், அதன் கீழ் தொட்டி.
பாத்திரம் தேய்க்கையில்
கோத்தகிரிச் சரிவில் தேயிலை தெரியும்,
தேயிலை தெரியாத மாதங்களில்
மூடுபனியையே பார்த்துக்கொள்ளலாம்.

கிழக்கே பின்கதவு.
எண்ணெய் டின் அந்தப் பக்கம் கூடவே கூடாது.
போன தையில் கரடி வந்தது.
தாழ்ப்பாளைப் பெயர்த்து உள்ளே புகுந்து
இரண்டு லிட்டர் கடலை எண்ணெய் குடித்துவிட்டு
ஊறுகாய் ஜாடியை மோந்துகூடப் பார்க்காமல் போயிற்று.
"அதுக்கும் பிரஷர் இருக்கும்போல.
உப்பு ஆகாது" என்றாள் தவமணி.
சிரிப்பு வந்தது. தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மாவுக்கு ஓர் இடம் வேண்டும்.
இந்தக் குளிரில் இரண்டு நாளானாலும்
ஆட்டிய மேனிக்கு ஊமையாகக் கிடக்கும்.
ஃபிரிட்ஜின் பின்புறம் கொஞ்சம் சூடு வரும்,
அதையொட்டி ஒரு சின்னத் தட்டு.
இதில் எங்களுக்குள் தகராறு இல்லை.

தகராறு அடுப்பில்.
"ரெண்டு பக்கமும் மேடை வருதில்ல,
பக்கத்துக்கு ஒரு அடுப்பு வச்சுக்கலாம்.
என் கருவாடு என்னோட,
உன் சனிக்கிழமை உன்னோட."
நான் பென்சிலைச் சீவினேன்.
ஏற்கெனவே கூராகத்தான் இருந்தது.
தாளில் ஓர் அடுப்பு எட்டுக் கட்டம்.
வீட்டில் அதற்குக் கணக்கு வேறு.
அப்பா போன முப்பதாம் நாள்
இதே வாசற்படியில் நின்று மாமா கேட்டார்,
"ஒரே உலையா, வேற வேறயா?"
நான் பதில் சொல்வதற்குள்
தவமணி திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள்.
சொல்ல நினைத்தது என்னவென்று
இப்போது எனக்கே நிச்சயமில்லை.

கொத்தனார் யோகநாதன் தாளைத் திருப்பிப் பிடித்தார்.
"நடுவுல போக வர எவ்வளவு?"
மேடை இருபத்துநாலு, எதிர்மேடை இருபத்துநாலு,
போக முப்பத்தெட்டு, என்றேன்.
"கணக்கு சரிதாங்க டீச்சர்.
உடம்பு கணக்கு கேக்காதுங்களே."
சட்டைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்து
தரையில் இரண்டு கோடு இழுத்தார்.
"ஆளுக்கொரு பக்கம் நில்லுங்க."

நின்றோம், முதுகுக்கு முதுகு.
நான் இல்லாத தொட்டியில் இல்லாத தட்டைக் கழுவினேன்.
தவமணி இல்லாத குக்கரை இறக்கி
இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு
"சூடு, சூடு, தள்ளு" என்று வந்தாள்.
நிஜமாகவே தள்ளி நின்றேன், வயிற்றை எக்கி.
ஆனாலும் அவள் முழங்கை
என் விலாவில் இடித்துவிட்டுப் போனது.
"குண்டாயிட்டே."
"நீ மட்டும்?"
யோகநாதன்
வெளியே காட்டெருமை நிற்கிறதென்று பார்க்கப் போனார்.
காட்டெருமை எதுவும் நிற்கவில்லை.

எதிர்மேடையை நான்கு அங்குலம் குறைத்தேன்.
அடுப்பு இன்னும் முடிவாகவில்லை.
ஒன்று பேனாவில் இருக்கிறது, ஒன்று பென்சிலில்.
காஸ் குழாயை இரண்டு பக்கமும் இழுத்து
ஒரு வாயை அடைத்து வைத்துவிடலாமாம்,
எழுநூறு ரூபாய் கூட ஆகுமாம்.
யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.
சொல்கிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன்.

ராத்திரி முழுக்க மழை.
தரை ஓதத்தில் சாக்பீஸ் கோடு பாதி கரைந்துவிட்டது.
அதன்மேலேயே கால் வைத்து நின்றுகொண்டு
தாளைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தாள் தவமணி.
"எல்லாம் சரி.
சர்க்கரை டப்பா எங்க வரும்?
அதை நீ போடவே இல்லையே."