இருநூற்று நாற்பது மில்லி

வீட்டிலேயே அளந்து பார்க்கலாம் என்றார் டாக்டர் ஏபிஷர்.
பழைய நைலோன் காலுறை, உலர்ந்த அரிசி,
இறுக்கி ஒரு முடிச்சு.
இரண்டு நாள் உள்ளே வைத்துக்கொண்டு நடவுங்கள்,
படியேறுங்கள், பஸ்ஸுக்கு ஓடுங்கள்.
எந்த அரிசி என்று அவர் சொல்லவில்லை.
படியிறங்கும்போதுதான் எனக்கும் உறைத்தது.

பாஸ்மதி குத்தியது.
சம்பா உருண்டு ஒரு பக்கமாய் ஒதுங்கியது.
புட்டுக்கு இடிக்க வைத்திருந்த சிவப்புப் பச்சையரிசிதான்
சொன்ன இடத்தில் இருந்தது.
ஒரு பக்கத்துக்கு இருநூற்று நாற்பது மில்லி.

பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலையில்
முகப்புக்கு முள் பொருத்துகிறவள் நான்.
மயிரிழை பிசகினாலும் பூதக்கண்ணாடி காட்டிக்கொடுக்கும்.
அரிசியோடு இரண்டு நாள் வேலைக்குப் போனேன்.
வெள்ளை மேலங்கிக்குள் யாரும் கவனிக்கவில்லை,
மேசையைத் தவிர.
குனியும்போதெல்லாம்
எனக்கு முன்னால் நான் போய்ச் சேர்ந்தேன்.

கேள்விகளை ஜெர்மனில் எழுதிக்கொண்டு போனேன்.
தமிழில் தொடங்கியபோது
முதல் சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது.
மார்பு என்றால் பாடப்புத்தகம்.
நெஞ்சு என்றால் நோகிற இடம்.
மற்றச் சொல்லை
நாற்பத்து மூன்று வருஷத்தில் என் வாய் சொன்னதில்லை.
பருத்தித்துறை பஸ்சில் ஒருவன் சொன்னான், என்னைப் பார்த்து.
அப்போது எனக்குப் பன்னிரண்டு.
ஜெர்மனில் அது ஓரசைச் சொல்,
பாணுக்குரிய சொல்லுக்குப் பக்கத்து வீடு.
காலையில் கடையில் கேட்பதுபோலக் கேட்டுவிடலாம்.

எத்தனை வருஷம் இருக்கும்?
பத்து, பதினைந்து, சிலருக்கு அதைவிடவும்.
ஆயுளுக்கும் என்று யாராவது சொன்னால்
எழுந்து வந்துவிடுங்கள்.
விமானத்தில் வெடிக்குமா?
இல்லை. (சிரிக்கவில்லை. எல்லோரும் கேட்கிறார்களாம்.)
குப்புறப் படுக்கலாமா?
சில வாரம் போகட்டும்.
மகன் கட்டிப்பிடித்தால் தெரியுமா?
மகனுக்கு என்ன வயது?
பதினாறு.
அப்படியானால் கட்டிப்பிடிக்க மாட்டான், என்னிடமும் ஒன்று இருக்கிறது.
தொட்டால் உணர்ச்சி?
இதற்கு மட்டும் குரல் மெதுவானது.
சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும்.
சிலருக்குத் திரும்பாமலும் போகலாம்.

ஏழு வருஷமாக ஆள் வராத கடையில்
இருப்புக் குறைந்தால் எப்படித் தெரியும்?
இதை நான் கேட்கவில்லை.
அன்றிரவு தலையணை உறை மாற்றிவிட்டு
விளக்கை அணைத்து
இருப்பு எவ்வளவென்று விரல்நுனியால் எண்ணிப் பார்த்தேன்.
நினைத்ததைவிட அதிகம்.

ஏன் என்று ஒருமுறைதான் கேட்டார்.
வேண்டும்போல் இருக்கிறது என்றேன்.
அதையே எழுதிக்கொண்டார்.
நான் சொன்ன காரணமொன்றை
ஒருவர் திருத்தாமல் எழுதியது அதுதான் முதல்.

கடைசிக் கேள்வி தாளில் இல்லை.
நாங்கள் எரிக்கிற ஆட்கள்,
அப்போது இது என்னாகும்?
பேனாவைக் கீழே வைத்தார்.
இருபத்தொரு வருஷத்தில் யாரும் கேட்டதில்லையாம்.
விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.
சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம், தொலைபேசி.
தகனசாலையில் பேசினேன், வெட்டி எடுக்கத் தேவையில்லை,
பிசின்போல் அடியில் கொஞ்சம் ஒட்டுமாம்,
அவர்களே சுரண்டிவிடுவார்களாம்.
வாயில் அப்பிள் துண்டோடு நன்றி சொன்னேன்.
யாரோ ஒரு பொடியன், இன்னும் பிறந்திருக்கமாட்டான்,
ஒருநாள் என்னைச் சுரண்டப்போகிறான்
வீட்டுக்குப் போக நேரமாகிறதென்று முணுமுணுத்தபடி.
அவனுக்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

அரிசியைக் கொட்ட மனம் வரவில்லை.
முடிச்சை அவிழ்த்து,
மூன்று தண்ணீரில் கழுவி,
நாலாவது தடவையும் கழுவி,
உலையில் போட்டேன்.

இரண்டு பேருக்கு ஏனம்மா இவ்வளவு சோறு என்றான் மகன்.
அளவு பார்த்தனான் என்றேன்.
கூடிப்போச்சு என்றான், தட்டிலிருந்து தலை தூக்காமல்.

கையெழுத்து வைக்காத படிவம்
குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் இருக்கிறது,
மின்சாரக் கட்டணத்துக்குப் பின்னால்.
நாளைக்கு இருநூறு வைத்துப் பார்க்கவேண்டும்.