கோணல் மூக்கன்

ஊலு நகரத்தில்
அதிகம் சத்தம் போடுகிற பெண் நான்தான்.
இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை
பனி வழிக்கும் வண்டி ஓட்டுகிறேன்.
இரும்பு அலகு சாலையைச் சுரண்டும்போது
தெருவே புரண்டு படுத்து
என்னைத் திட்டும்.

ஐந்தரைக்கு என் வீட்டுக்குள்
திருடி மாதிரி நுழைகிறேன்.
சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் நெரித்து,
பூட்ஸை வாசலிலேயே கழற்றி,
கம்பளிக் காலுறையோடு.
விளக்கைப் போடுவதில்லை.
சட்டென்று வெளிச்சம் விழுந்தால்
அவன் செத்துவிடக்கூடும்.

அவன்
ஒரு முழத்துக்கு மேல் நாலு விரல்.
வெள்ளி உடம்பு, ஈட்டி மூக்கு.
அமேசானின் ஏதோ ஒரு கிளையாற்றில்
மேல்நீரில் குச்சிபோல் கிடந்து
குஞ்சுக் கூட்டத்தைக் கிழிக்கப் பிறந்தவன்.
முய்க்கு மீன் ஒன்றைப் போட்டால்
தண்ணீரில் விழுந்த சத்தம் என் காதுக்கு வருமுன்
மீன் இருக்காது.

அப்பேர்ப்பட்டவன்
என் காபிக் கோப்பையின் நிழலுக்கு அஞ்சுகிறான்.
பக்கத்து வீட்டுக் கதவுக்கு.
என் மஞ்சள் ஸ்வெட்டருக்கு
(தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்).

வாங்கும்போது விரல் நீளம்.
ஒன்றரை மீட்டர் தொட்டி தாராளம் என்றான் கடைக்காரன்,
தரையைப் பார்த்துக்கொண்டே.
ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்வீட்டில்
யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.
பயம் ஓடி முடிவதற்குள்
கண்ணாடி வந்துவிட்டது.
அன்று கோணிய மூக்கு.
பதினொரு நாள் பட்டினி கிடந்தான்.
நானும் சரியாகச் சாப்பிடவில்லை,
அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலு மீட்டர் நீளம், ஒன்றேகால் அகலம்.
ஐந்தாம் தளம் தாங்காது என்றார்
குடியிருப்புச் சங்கத்து வெய்யோ ரந்தகோக்கோ,
மின்கட்டண உறையின் முதுகில் கணக்குப் போட்டு.
தண்ணீர் மட்டும் மூன்றரை டன்.
“உனக்குக் கீழே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.”

அதனால்
கடல் தெரிந்த வீட்டை விற்று
குப்பைத் தொட்டிகள் தெரியும் தரைத்தளம் வாங்கினேன்.
சோபா போயிற்று. கட்டில் சமையலறையில்.
மூன்று பக்கம் கறுப்புத் துணி,
மூடிக்கு மேல் செங்கல்,
ஓரமெல்லாம் மிதக்கும் செடிகள்,
அவற்றின் வேர் தொங்கி
இதோ சுவர், இதோ சுவர் என்று
முன்கூட்டியே சொல்வதற்கு.

அம்மா தொலைபேசியில் கேட்டாள்:
தொட்டுத் தடவலாமா அதை?
முடியாது.
உன்னையாவது தெரியுமா அதற்கு?
நான் வருவது தெரியும். பிடிக்காது.

புத்தாண்டு இரவுக்கு மட்டும்
விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.
உப்பு லாரி ஓட்டும் தார்மோ வந்தான்,
ஏழு போர்வைகளோடு.
வாசலில் நான் கேட்காமலே பூட்ஸைக் கழற்றினான்.
பெரிய உடம்பு; அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
சுவரோரம் உட்கார்ந்தான்.
ஜன்னல்களைப் போர்த்தினோம்.
மாலையிலிருந்தே வானொலியை மெல்ல ஓடவிட்டோம்,
வெடிச்சத்தம் அதில் கொஞ்சம் கரையட்டும் என்று.
ஒரு நீல பல்பு.

முதல் வாணம்
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வெடித்தது.

போனான்.
நாலு மீட்டரும் ஒரே கோடு.
என் கை தார்மோவின் முழங்காலைப் பிடித்திருந்தது,
பிடித்தது எனக்குத் தெரியாது.
வேர்கள் மூக்கில் பட,
திரும்பினான்.
வால் செடியை அடித்தது.
கண்ணாடியை அடிக்கவில்லை.

நாங்கள் மூச்சு விட்டோம். அதையும் மெதுவாகத்தான்.

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால்
தார்மோவுக்குத் தும்மல் வந்தது.
முகம் சிவந்தது. சட்டைக் கையைக் கடித்தான்.
எழுந்து, காலுறையோடு,
கதவைத் திறந்து, மூடி,
மைனஸ் இருபத்திரண்டில் போய் நின்றான்.
குப்பைத் தொட்டிகளுக்கு அப்பாலிருந்து
ஒரு தும்மல். பிறகு மூன்று.

உள்ளே அவன் அசையாமல் நின்றான்,
கோணல் மூக்கு போர்வைப் பக்கமாக.
செவுள் மட்டும் வேகமாக.

தார்மோ கதவைத் தட்டவில்லை.
பனியை மாறி மாறி மிதித்துக்கொண்டிருப்பான்.
நான் தாழ்ப்பாளில் கை வைத்துக் காத்திருந்தேன்,
அடுத்த வாணம் வெடிக்கட்டும்,
அந்தச் சத்தத்துக்கு அடியில்
திறந்துவிடலாம்.