மூன்றாவது வரி

உள்ளே வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்:
"செருப்ப உள்ள வெய்யி. நாய் தூக்கினு பூடும்."
வாங்க, உக்காருங்க எல்லாம்
அதிலேயே அடக்கம்.

தண்டையார்பேட்டை உப்புச் சத்திரம்.
எட்டு அறை, ஒரு கிணறு, மழைக்கு ஒழுகும் கூடம்.
கட்டியவர் வேதகிரிச் செட்டியார்,
கால்வாயில் உப்புப் படகு விட்டவர்.
படகுக்கு ஒரு மூட்டை தர்மக் கணக்கு;
அந்த மூட்டைகள்தாம் இந்தச் சுவர்.
நக்கினால் இன்னும் கரிக்கும் என்பார்கள்.
நக்கிப் பார்த்திருக்கிறேன். கரிக்கிறது.
கடல்காற்று என்கிறார் மேஸ்திரி.

வாசல் கல்லில் ஐந்து வரி.
முதல் வரி முருகனுக்கு. அடுத்தது செட்டியார் பெயருக்கு.
நான்கில், மூன்று ராத்திரி தங்கலாம்.
ஐந்தில், கஞ்சிக்கு உப்பும் ஊறுகாயும் இலவசம்.
மூன்றில்
யார் யார் வரக்கூடாதென்று இருக்கிறது.

பழைய பதிவேட்டில் நான்கு கட்டம்:
பெயர், ஊர், சாதி, வந்த காரியம்.
ஓர் ஐப்பசிப் புயலில்
குப்பத்துக் கூரைகள் பறந்த ராத்திரி
கணக்கர் எத்திராஜுலு கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.
நாற்பத்தொரு பெயர்.
சாதிக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே சொல்:
நனைந்தவர்.
நனைந்தவர்.
நனைந்தவர்.
ஒரு கைக்குழந்தைக்கும் அதுவே.

அடுத்த பக்கத்தில்
கணக்கருக்கு அரைமாதச் சம்பளம் பிடித்தம்.
அதையும் அவரேதான் எழுதியிருக்கிறார்,
எழுத்து கொஞ்சமும் கோணாமல்.

அந்தப் பொங்கலில்
மூன்றாவது வரிக்கு மட்டும்
சுண்ணாம்பு நாலு பூச்சு கூடுதலாக விழுந்தது.
யார் சொல்லி என்று கணக்கில் இல்லை.
சுண்ணாம்பு வாங்கிய கணக்கு இருக்கிறது.

உப்பு ஊறிய கல்; ஈரம் ஏறினால் பூச்சைத் தள்ளும்.
கார்த்திகைதோறும் ஓரெழுத்து, ஈரெழுத்து
பல் முளைக்கிற மாதிரி வெளியே வரும்.
பெயர்த்தெடுத்துவிடலாமே என்றேன்.
"கல்ல எட்த்தா நெலவாசலே வுழுந்துரும்மா" என்றார் மேஸ்திரி.
அதனால் வருஷா வருஷம்
ஏணி வைத்து நானே ஏறுகிறேன்.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு,
ஸ்டான்லியில் அண்ணனைச் சேர்த்துவிட்டு
ஆரம்பாக்கத்திலிருந்து ஒருவன்.
பெயர் சொன்னான், ஊர் சொன்னான்.
"வேற இன்னா சொல்லணும்?" என்று படிக்கு வெளியிலேயே நின்றான்.
தூறல்.
வழக்கமான வாக்கியத்துக்கு வாயெடுத்தேன்.
காலில் செருப்பில்லை.
ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டதாம்.

எனக்கு வேறு வரவேற்பு தெரியாது.
நகர்ந்து வழி விட்டேன்.