பத்தடி

களுவாஞ்சிக்குடிச் சந்தியில்
அவர்கள் கட்சி அலுவலகம் திறந்த அன்று
முகாமிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்
அளவு நாடாவோடு.
நாடா என்னுடையது.
கடையில் இரவல் வாங்கினது, திரும்பி வரவில்லை.

கம்பம் பன்னிரண்டடி.
முகாமில் நிற்பது பதினெட்டு.
“பத்துப் போதும்” என்றான் கோப்ரல்.
பூபாலரெத்தினம் கைவாள் எடுத்து
தன் கம்பத்தைத் தானே அறுத்தான்.
மரத்தூள் அவன் புதுச் சப்பாத்தில்.

கொடியில் பருந்து தைத்தவள் நான்.
சிறகு இவ்வளவு விரியத் தேவையில்லையென்று
மேஜர் சொல்லியனுப்பினார்.
பிரித்து, மடக்கித் தைத்தேன்.
கோழி மாதிரி வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கூலி கேட்க நானும் போகவில்லை.

பெரியவர்கள் ஹெலியில் வந்தால் கொடி இறங்கும்.
வாக்கெடுப்பென்றால் ஏறும்.
சாக்கு மூடிய முகத்தோடு
ஆட்களைப் பார்த்துத் தலையாட்ட அவன் போகும் இரவுகளில்
கொடியைப் பற்றிப் பேச்சே இல்லை.

முகாம் எழும்பிய காலை
கதிரை ஏறியது, தண்ணீர்த் தாங்கி ஏறியது,
குசினி நாயும் லொறியில் ஏறியது.
பையோடு ஓடினவனுக்கு
இடமில்லை என்றார்கள்.

இப்போது என் கடை வாசலில்.
கையில் அந்தத் துணி.
“இதில ஒரு சட்டை வருமா கா?”

நாடா இல்லை.
சாண் போட்டுப் பார்த்தேன்.
காணாது.