பதினொரு மரை

மூன்று நாளாக
இரண்டாம் லைன் பால் மட்டும் புளித்தது.
மேல்மொணவூரில் மார்ச் வெயில்
யாரையும் சந்தேகிக்க வைக்கும்.
மாட்டைச் சொன்னார்கள்,
அணைக்கட்டு ரூட் வண்டியைச் சொன்னார்கள்,
நைட் ஷிஃப்ட் பையன் திலீபனை
நேரடியாகவே சொன்னார்கள்.
காஸ்டிக் எழுபத்தைந்து டிகிரியில்
இருபது நிமிஷம் ஓடியிருக்கிறது.
பதிவேட்டில் கையெழுத்து என்னுடையது.

பஞ்சுக் குச்சியோடு நானே போனேன்.
வால்வு, பம்பு, டேங்கின் வாய்
எல்லாம் சுத்தம்.
கடைசியில் அந்த பிரஷர் கேஜ்.
எட்டு வருஷமாக யாரும் கழற்றாமல்
முள்ளை இரண்டில் வைத்துக்கொண்டு
ஒழுங்காக நடப்பதுபோல் காட்டிய கேஜ்.

ரெஞ்ச் போட்டுத் திருப்பினேன்.
பதினொரு மரை.
ஒவ்வொன்றின் பள்ளத்திலும்
மஞ்சளாய், மெலிசாய்,
நகத்தால் வழித்தால் வருகிற அளவு
பழைய பால்.
அந்த வாசனையை எழுதப்போவதில்லை.

மரை, மறை.
எங்கள் பக்கத்து நாக்குக்கு
இரண்டும் ஒன்றுதான்.

அறுபத்திரண்டு மீட்டரையும் மாற்றச் சொன்னார் முதலாளி,
எப்படி என்று சொல்லவில்லை.

கணக்குப்பிள்ளை சுந்தரவரதனுக்கு மரையே போதும்:
ராணிப்பேட்டையில் பாதி விலைக்குக் கிடைக்கும்.
அம்பத்தூர் விற்பனையாளர் கிளாம்ப்பைத் திறந்து மூடி
திறந்து மூடிக் காட்டினார்:
ரெஞ்சே வேண்டாம் மேடம், கையாலேயே.
மேல்விஷாரம் இம்தியாஸ்
இருபது வருஷம் தோல் ஷாப்புகளுக்குக் குழாய் போட்டவர்.
“தோல் தண்ணிக்கு மரை போதும்.
அது எதையும் வாழ விடாது.
பால் அப்படி இல்ல மேடம்,
வர்றதையெல்லாம் வாழ வைக்கும்.
பத்தவெச்சுடுவோம்.”

அன்றிரவு
மருந்துக்கடை காலண்டரின் பின்பக்கம்
லைனை வரைந்தேன்.
கிளாம்ப் என்றால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு ரப்பர் வளையம்;
காஸ்டிக் பட்டுப் பட்டு விறைத்துப்போகும்;
அதிகம் இறுக்கினால் உள்பக்கம் பிதுங்கி
உதடுபோல நின்று பாலைத் தடுக்கும்.
வெல்டிங்குக்கு உதடு இல்லை.
ஆனால் உள்ளே ஆர்கான் குறைந்தால்
வெளியே வெள்ளி, உள்ளே கரி.
அதைப் பார்க்கவும் முடியாது.

எங்கே நான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்?
பம்பு, வால்வு, கேஜ், சாம்பிள் எடுக்கும் இடம்.
ஒன்பது கிளாம்ப்.
மற்ற நாற்பத்தோரு இடத்தில் வெல்டிங்.
மரை, பூஜ்யம்.
கடைசிச் சொட்டும் வடிய
மீட்டருக்கு ஒரு விரல் சரிவு.

“கல்யாணம் மாதிரிதான் மேடம்,
சிலது ஒட்டிக்கணும்,
சிலது கழட்ட வரணும்,”
என்றார் சுந்தரவரதன்.
இங்கே சேர்ந்து ஆறே மாதம் அவர்.
என் விஷயம் தெரிந்திருந்தால்
இதை வேறு யாரிடமாவது சொல்லியிருப்பார்.
குழாய் குழாய்தான் சார் என்றேன்.

ரம்ஜான் மாதம்.
நோன்பு திறந்த பிறகே டார்ச் எடுப்பார் இம்தியாஸ்.
நீல வெளிச்சம் சுவரில் துள்ளும்,
காட்பாடி பக்கம் ரயில் கூவும்,
ஃபேன் போட முடியாது, காற்று ஆர்கானைக் கலைத்துவிடும்.
வியர்வை மூக்கு நுனியில் நின்று யோசித்து
பிறகு விழும்.

ஒன்பதாவது வெல்டை
வெட்டச் சொன்னேன்.
அவர் முகம் சுருங்கியது.
“என் கை மேல சந்தேகமா?”
“சிலிண்டர் மேல.”
வெட்டினார்.
டார்ச் லைட்டை உள்ளே அடித்தோம்.
கரி. சொரசொரப்பாய்,
வறுத்த உளுந்துபோல.
சிலிண்டர் எப்போதோ தீர்ந்திருக்கிறது.

ஒரு வார்த்தை பேசவில்லை.
புதுச் சிலிண்டர் மாட்டினார்.
எட்டாவதையும் பத்தாவதையும்
நான் கேட்காமலே வெட்டினார்.
ஸஹர் வரை இருந்தார்.

முதல் பால் ஓடிய அன்று
ஒரு பாக்கெட்டை லேபில் வைத்தேன்.
ஆறு மணி நேரம். பன்னிரண்டு.
மறுநாள் அதில் டீ போட்டுக் குடித்தோம்,
திலீபனுக்கு முதல் டம்ளர்.
யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை.
நானும்தான்.

பழைய கேஜ் என் மேசையில் இருக்கிறது,
எதோடும் இணைக்காமல்.
முள் இன்னும்
இரண்டில்.