தோள்பக்கம் ஒரு துளை

புரட்டாசி.
முகூர்த்தம் கிடையாது.
வேளாங்கண்ணியில் கொடி இறக்கிப் பத்து நாளாச்சு.
மாயவரத்துக் கிட்டார்காரர்கள் அத்தனை பேருக்கும்
விரல் சும்மா இருக்கிற மாதம்.

அந்த நேரம் பார்த்து
பார்சல் ஆபீஸிலிருந்து வந்தது பெட்டி.
பட்டமங்கலத் தெருவில் பாத்திரக் கடைக்கும்
பல் டாக்டருக்கும் நடுவே எங்கள் கடை.
எனக்கு ஸ்ருதி சேர்க்கத் தெரியும்,
வாசிக்கத் தெரியாது.
சம்பளமும் அதற்கேற்ற மாதிரி.

பிரித்தேன்.
நடுவில் துளை இல்லை,
தொப்புள் வைக்க மறந்த வயிறு மாதிரி.
துளை மேலே, தோள்பக்கம்,
வாசிக்கிறவர் காதைப் பார்த்துக்கொண்டு.
முதுகுக்குள் ஒரு காந்தம்.
ஒயர் செருக வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம்,
மதகுக்கு அடியில் நின்று கூப்பிட்டது போல
உள்ளேயே எதிரொலி.
விளிம்பில் தள்ளுகிற கட்டை ஒன்று:
இந்தக் கோடியில் மரம், அந்தக் கோடியில் மின்சாரம்.
இடையில் என்னவென்று
கூட வந்த காகிதத்தில் எழுதவில்லை.

சேதி எப்படிப் பரவியதோ,
மூன்று மணிக்கெல்லாம் வாசலில் ஐந்து ஜோடிச் செருப்பு.

லீட் வாசிக்கும் கலியமூர்த்தி கையிலேயே வாங்கவில்லை.
"இது கிட்டாரா, தபால்பெட்டியா?"
சட்டைப்பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்துத்
துளைக்குள் போடப் போனார்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

நாகூர் ரவூப் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான்,
ஏலத்தில் கொடுவா பார்க்கிற மாதிரி.
"எங்க ஊரு உப்புக்காத்துல
சாவிக்கொத்தே ஆறு மாசம்தான் பாய்.
இந்தக் காந்தம் எத்தனை நாளைக்கு?"

மாதா கோயில் கொயர் அந்துவான்
விலைச்சீட்டைத் திருப்பினான். மறுபடி திருப்பினான்.
பூஜ்யங்களை உதட்டசைத்து எண்ணினான்.
"மாமா மூணு மா குறுவை போட்டு
கையில நின்னது இதுல பாதி."

தையல்நாயகி நர்சிங் மூன்றாம் வருஷம்,
ஹாஸ்டல் மொட்டைமாடியில் வாசிக்கிறவள்.
முதுகைத் திருப்பி ஒரு விரலை வைத்து
இன்னொரு விரலால் தட்டித் தட்டிக் கேட்டாள்.
"சளி இல்ல."

அப்போதுதான் கரண்ட் போனது.
மின்விசிறி ஓய்ந்ததும்
தெருவில் வெங்காய வண்டிச் சத்தம் கிட்டே வந்தது.
மூலை ஸ்டூலில் இருந்த சாமியப்பன்
"இங்க குடு" என்றார்.

கலியமூர்த்தி குழுவிலேயே
பத்தொன்பது வருஷமாக ரிதம்.
இடப்பக்கம் டிரம்ஸ், வலப்பக்கம் டிரம்பெட்,
ஸ்பீக்கரெல்லாம் சனத்தைப் பார்த்து.
அவருக்கென்று மேடையில் ஒரு காற்றாடிகூடக் கிடையாது.

மூன்றே கார்டு. எல்லாப் பந்தலிலும் அடிக்கிற அதே மூன்று.
கரண்ட் இல்லாத கடைக்குள்
எதிரொலி எழுந்து அலமாரிக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நிறுத்தினார்.
அதே இடத்திலிருந்து திரும்ப.
நிறுத்தினார்.
இன்னொரு தடவை, காலால் தாளம் போட்டுக்கொண்டு.

"நான் இவ்வளவு முந்துறேனா?"

வெங்காய வண்டி போய்விட்டது.
ரவூப் செல்போனைப் பார்த்தான்,
அந்துவான் விலைச்சீட்டை.
"சொல்லியிருக்கலாம்ல."

"சொல்ல என்ன இருக்கு,"
கலியமூர்த்தி தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்,
"உனக்கேத்த மாதிரி நாங்க அஞ்சு பேரும்
முந்திப் பழகிட்டோம்."

சாமியப்பன் கட்டையை அந்தக் கோடி வரை தள்ளினார்,
பாதி திரும்ப இழுத்தார்,
கிட்டாரை என்னிடம் கொடுத்தார்.
செருப்பு மாட்டும்போது மட்டும்
இடது கை விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன.

காந்தம் தேவையில்லாத வேலை,
நம்ம கச்சேரிக்கு இது தாங்காது,
துளை நடுவில் இருந்தால்தான் அழகு என்று
படியிலேயே நின்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டு
டீக்குப் போனார்கள்.

நான் கம்பிகளைத் துடைத்தேன்.
ஈரக்காற்றில் விரல் வியர்வை விட்டுவைத்தால் துருவாகும்.
கட்டை எந்தக் கோடியிலும் இல்லாமல்
நடுவே நின்றது. அதை நான் நகர்த்தவில்லை.

மறுநாள் ஷட்டர் தூக்கும் முன்பே
பல் டாக்டர் வாசலில் கலியமூர்த்தி,
ஸ்கூட்டரைவிட்டு இறங்காமல், கன்னத்தில் கை.
கடைவாயில் வலியாம்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவதில்லை.