கண் இருந்த எதையும்

ஐந்து மாதம் கழித்து விசைப்படகிலிருந்து திரும்பிய தாவோன்
துணிப்பையை வாசலில் போட்டான்.
குளித்தான். மறுபடி குளித்தான்.
“கண் இருந்த எதையும் இனி எனக்குப் போடாதே” என்றான்.
அவ்வளவுதான்.
என்ன பார்த்தாய் என்று நான் கேட்கவில்லை.
க்லோங் கோனில் யாரும் கேட்க மாட்டோம்.

நானோ கபி விற்பவள்.
கூனிறால் உப்பில் செத்து, வெயிலில் ஊதாவாகி
சாடிக்குள் குமிழ்விடும் விழுது.
என் நகத்தடியில் அது, தலைமுடியில் அது,
மேலே இருக்கும் தகரக் கூரையும் அது.

சந்தையில் பச்சைக் கறி மசாலா பொட்டலமாய்க் கிடைக்கிறது;
திருப்பிப் படித்தால் எல்லாவற்றிலும் இறால்.
சரி, நானே இடித்துக்கொள்கிறேன்.

ஆங் சிலாக் கல்லில் கொத்திய உரல்,
பதினேழு வருடக் கபியைக் குடித்தது.
பச்சரிசி போட்டு இடித்தேன். மாவு சாம்பல் நிறம்.
கொட்டிவிட்டு மறுபடி அரிசி, மறுபடி நாற்றம்.
மூன்றாம் ஈட்டைப் படித்துறை வாத்துகளுக்கு வீசினேன்;
சுங்க அதிகாரிகள் மாதிரி சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தின்றன.
ஐந்தாவதில் வெள்ளை வந்தது.
என் தோளும் போயிற்று.

வெண்மிளகு. வறுத்த தனியா, ஒரு சிட்டிகை சீரகம்.
வழுக்காமலிருக்க உப்புக்கல்.
எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு மட்டும்.
பேரரத்தை பிடிவாதக்காரி,
பொடியாக நறுக்காவிட்டால் கண்ணில் தெறிப்பாள்.
நாரத்தைத் தோலின் பச்சை; வெள்ளை பட்டால் கசப்பு.
மண் போகக் கழுவிய மல்லி வேர்.
பூண்டு, சின்ன வெங்காயம்,
கடைசியில் ஒரு கை பச்சை மிளகாய்.

தட். தட். தட்.
கல்யாணத்துக்கு முன் இந்தச் சத்தத்தை
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுத்தான்
எனக்கு மதிப்பெண் போட்டாள் அவன் அம்மா.
இன்று வேலிக்கு அந்தப் பக்கம் அவனே,
பின்ன வலை இல்லாத கைகளோடு.

விரலால் தொட்டு நக்கிப் பார்த்தேன்.
எல்லாம் இருந்தது, நடுவில் ஒரு பள்ளமும்.
பல் விழுந்த இடத்தைத் துழாவுவதுபோல்
நாக்கு அங்கேயே போய்ப்போய் வந்தது.

உப்புக் கிடங்கில் மூட்டை தைக்கும் காம் ஏய்
கதவிடுக்கு வழியாக ஒரு வட்டைத் தந்தாள்.
சோயாவைப் புளிக்கவைத்துத் தட்டிக் காயவைத்தது,
மழைக்கால் காலுறையின் வாடை.
“எங்கள் மலையில் கடல் கிடையாது, அக்கா.
நாக்கு மட்டும் உண்டு.”
தணலில் சுட்டேன். நொறுக்கி உரலில் போட்டேன்.
பள்ளம் மூடியது.

தேங்காயை உடைக்கும்போதுதான் கவனித்தேன்:
மூன்று கண்.
அவனிடம் சொல்லவில்லை.

முதற்பால் கொதித்து எண்ணெய் பிரியும்வரை காத்திருந்தேன்.
விழுது இறங்கியதும் தெருவே தும்மியது.
இரண்டாம் பால், உருண்டைக் கத்திரி, கொத்தோடு சுண்டைக்காய், டோஃபு,
அம்பாவாவின் தென்னஞ்சர்க்கரை ஒரு கட்டி,
இறக்கும்போது திருநீற்றுப்பச்சிலை.

ஒரு வாய் வைத்தான்.
கரண்டியைக் கீழே வைத்தான்.
“கபி போட்டிருக்கிறாய்.”

அரிசியில் போன தோள், அந்த வாத்துகள்,
ஐந்து மாதம் தனியாகக் கட்டிய வட்டி,
எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன.
பேசவில்லை. மிச்ச வட்டின் துண்டை
அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன்.
முகர்ந்தான். கடித்தான். நெடுநேரம் மென்றான்.
“இது என்ன?”
“பயறு. கண் கிடையாது.”
மூன்று முறை சோறு போட்டுக்கொண்டான்.
நடுவில் ஒருமுறை அழுதான்;
மிளகாய் அதிகம் என்றான்,
நானும் ஆமாம் என்றேன்.

விடிகாலை நான்கு மணி.
சந்தைக்குக் கபிச் சாடிகளை வண்டியில் ஏற்ற வேண்டும்.
மூக்கில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.
முகத்தை அந்தப் பக்கம் திருப்பியபடியே
சாடியின் மறு காதைப் பிடித்தான்.